கரகத்துக்குப் பின்னால் உள்ள கைகள்

நேத்து ராத்திரி சங்கரன்கோவில் பக்கத்துல ஒரு அம்மன் கொடை.
எல்லார் செல்போனும் கரகாட்டத்தையே பார்த்துட்டு இருந்துச்சு.
எனக்கு மட்டும் தவில்காரர் கை மேலதான் கண்ணு.

விரலுக்கு ஒவ்வொண்ணா கூடு மாட்டுறார்.
துணியைப் பசை போட்டுச் சுத்தி, காயவச்சு இறுக்குனது.
"கடையில வாங்குனதாண்ணே?"ன்னு கேட்டேன்.
"நம்ம கைக்கு நாமதான் செய்யணும், தம்பி"ன்னார்.

அப்புறம் ஒவ்வொண்ணா கவனிச்சேன்.
தவிலுக்குப் பலா மரம்.
ரெண்டு பக்கமும் வேற வேற தோலு. அதுலதான் அந்த ரெண்டு குரலும்.
முன்னெல்லாம் தோல்வாரால இழுத்துக் கட்டுனாங்க, இப்ப இரும்பு போல்ட்டு.
நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம். வாயில வைக்கிற சீவாளி நாணல்ல செய்யுறது.
தஞ்சாவூர்ப் பக்கம் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கிடைச்சுது. மனசு நிறைஞ்ச சேதி அது.

ஆனா கரகம்?
சாமிக்கு எடுக்குற சக்தி கரகம் வேற, ஆடுறதுக்கான ஆட்டக்கரகம் வேற.
ஆட்டக்கரகத்துல செம்பு, அது மேல அலங்காரக் கூடு, உச்சியில கிளி.
ஆடுறவங்க கழுத்து திரும்புனா கிளியும் சுத்தும்!
எடை ஒரு பக்கம் சாஞ்சா ஆட்டமே போச்சு.
அந்தக் கணக்கு தெரிஞ்ச கைக்கு எந்தக் குறியீடும் வேண்டாம், பேராவது வேண்டாமா?

கொடை நோட்டீஸ்ல வரி குடுத்தவங்க பேரு இருக்கு, மைக் செட்டு பேரும் இருக்கு.
கரகம் செஞ்சவர் பேரு இல்ல.

விழாக் கமிட்டி அண்ணாச்சிமாரே, அடுத்த கொடை நோட்டீஸ்ல அவர் பேருக்கும் ஒரு வரி சேருங்க.
உங்க ஊர்ல கரகம் செய்யுறது யாரு, தெரியுமா?