ஒரே எண், பல உருவம்

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்த நம்மவர் பலர், நெருள் முதலிய புதிய இடங்களுக்குக் குடிபெயர்ந்தபோது பழைய கிராமபோன் பெட்டிகளையும் உடன் கொணர்ந்தனர். ஒரு வீட்டுப் பரணினின்று இறங்கி மறுவீட்டுப் பரணில் ஏறியதே அவற்றுட் பலவற்றின் வரலாறு. அவற்றை விற்க எண்ணும் அன்பர்களுக்குச் சில செய்திகளைக் கூற விழைகிறோம்.

நம் பாட்டனார் விட்டுச்சென்றது 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' 102ஆம் எண் பெட்டி. தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்குப் பணம் முடையாயிற்று. ஆகவே அதனைத் துணியிற் சுற்றிப் பழம்பொருள் வணிகர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் ஊசி பூட்டும் சவுண்டு பாக்ஸைத் திருப்பிப் பார்த்தார். 102க்கு உரியது 16ஆம் எண் என்றும், இதிலிருப்பது 5பி என்றும், ஆகவே இது ஒட்டுப்போட்ட பெட்டி என்றும் கூறிப் பாதி விலைக்குக் கேட்டார்.

அவர் கூற்றில் பாதி உண்மை. 1931இல் 102 வெளிவந்தபோது அதிலிருந்தது 16ஆம் எண்தான். பின்னர் ஆலையே 5ஏ, 5பி என மாற்றிப் பொருத்தியது. 1950களின் இறுதிவரை விற்பனையான ஒரு பொருள், முதல் நாள் இருந்தபடியேவா இருக்கும்? அதற்கு முந்தைய 101ஆம் எண்ணிலும் இவ்வாறே. தொடக்கத்தில் முன்புறம் இருந்த சாவித்துளை பின்னர் பக்கவாட்டிற்குச் சென்றது. நம் ரயில்வே படிவங்களும் அச்சுக்கு அச்சு மாறும். எண் மட்டும் மாறாது.

எடிசனின் போனோகிராப் கதை இன்னும் சுவையானது. அது தட்டில் அன்று, மெழுகு உருளையில் பாடுவது. 1908இல் நான்கு நிமிட உருளை வந்தது. முன்பு அங்குலத்திற்கு நூறாக இருந்த வரிகள் அதில் இருநூறாயின. பழைய இயந்திரம் வைத்திருந்தோர் பொருத்திக்கொள்ளப் பற்சக்கரத் தொகுதியை எடிசன் கம்பெனியே விற்றது. பழைய உடலில் புதிய உறுப்பைக் கண்டவுடன் போலி என்பது எவ்வாறு பொருந்தும்?

மெய்யான போலிகளும் இல்லாமலில்லை. மின்னும் பித்தளைக் குழல், புதிய மரப்பெட்டி, நாய்ப்படம் ஆகியவற்றோடு, பழைய கைப்பெட்டியின் விசையை உள்ளே வைத்துச் சோர் பஜார் போன்ற சந்தைகளில் விற்கிறார்கள். பயனற்ற திருகுத் துளைகள், துரு ஏறிய விசையைச் சுற்றிக் கறையே படியாத புதுமரம் இவையே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். சவுண்டு பாக்ஸோ எளிதில் கழற்றிப் பூட்டத்தக்கது. அதன் எண் ஒன்றைக்கொண்டு எதனையும் முடிவுகட்டல் ஆகாது.

நமக்குத் துணைநின்றது தாயாரின் இரும்புப் பெட்டியிற் கிடந்த ரசீது. ஆண்டு 1951. அவ்வாண்டுப் பெட்டியில் 5பி இருப்பதே இயல்பு. ரசீதோடு வேறொரு வணிகரிடம் சென்றோம். அவர் மறுபேச்சின்றி முழு விலை தந்தார். கட்டணமும் செலுத்தியாயிற்று. தாயார் இரண்டு நாட்கள் நம்மோடு சரியாகப் பேசவில்லை. இசைத்தட்டுக்களை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார். அவை இன்னமும் பரணில் உள்ளன.

அன்பர்கள் பழைய ரசீதுகளைப் பெட்டியோடு சேர்த்தே வைத்திருப்பார்களாக. விற்குமுன் மெருகேற்றவோ, உறுப்புகளை மாற்றவோ வேண்டாம்.