கண்டோன்மெண்ட் தையல்கடை

வெலிங்டன் கடைத்தெருவில் ராணுவச் சீருடை தைக்கும் கடை ஒன்றில், வெட்டுமேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார அனுமதி கிடைத்தது. வாடிக்கையாளர் யாரையும் படம் எடுப்பதில்லை, எழுதக் கூடாததைக் கேட்பதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். கடைக்காரரை எல்லோரும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சுபேதாரும் அப்படித்தான், எதிரிலுள்ள பெட்டிக்கடைக்காரரும் அப்படித்தான். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

குன்னூரிலிருந்து மலை ரயில் ஏறினால் ஊட்டிப் பாதையில் வரும் சின்ன நிறுத்தம் வெலிங்டன். பக்கத்திலுள்ள ஜக்கதளா என்ற படுகர் ஊரின் பெயரில்தான் முதலில் இந்த இடமும் வழங்கியது. 1850-களில் பிரிட்டிஷார் இங்கே படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். 1860-இல் வெலிங்டன் என்று பெயர் வைத்தார்கள். ஸ்ரீநாகேஷ் பேரக்ஸ் என்று இப்போது அழைக்கப்படும் அந்தக் கட்டடங்களில் 1947 முதல் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இயங்குகிறது. அதே ஆண்டு, பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட, அங்கிருந்த ஸ்டாஃப் காலேஜின் இந்தியப் பகுதியும் இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. இவை தவிர ராணுவ மருத்துவமனை, எம்.இ.எஸ். எனப்படும் ராணுவப் பொறியியல் பணி, கேன்டீன், கண்டோன்மெண்ட் போர்டு என ஒன்றையொன்று தாங்கி நிற்கும் பல அலுவலகங்கள். வெளியாளுக்கு இவை எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். மாஸ்டரின் மேசையில் அவை தனித்தனியாகப் பிரிந்து வந்து விழுகின்றன.

வெள்ளைத் துணி வந்தால் கடற்படை, நீலம் வந்தால் விமானப்படை. காலேஜில் முப்படை அதிகாரிகளோடு நட்பு நாடுகளின் அதிகாரிகளும் படிக்கிறார்கள். கோடையில் தொடங்கும் படிப்பு அடுத்த வசந்தத்தில் முடிகிறது. மாஸ்டரின் ஆண்டுக்கணக்கும் அதுதான். ஜூனில் கடைக்குள் நிற்க இடமிருக்காது; விடைபெறும் விருந்துகளுக்கு முன்னால் இன்னொரு நெரிசல்.

“தோளைப் பார்த்துட்டுத்தான் சார் பேச்சே ஆரம்பிக்கணும்” என்றார். மூன்று நட்சத்திரம் கேப்டன். அசோகச் சின்னம் மட்டும் இருந்தால் மேஜர், அதோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தால் லெஃப்டினன்ட் கர்னல். நட்சத்திரத்தோடு சிவப்பு–மஞ்சள்–சிவப்புப் பட்டையும் இருந்தால் அவர் ஜே.சி.ஓ., சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து உயர்ந்தவர். பட்டை ஒரு நூலளவு சரிந்திருந்தாலும் அணிவகுப்பில் கண்ணில் குத்தும். மருத்துவமனைச் செவிலியர் அதிகாரிகளின் தோளிலும் இதே நட்சத்திரங்கள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை என்றும் சொன்னார்.

அவருடைய கைத்திறன் உச்சத்தில் தெரிவது ரிப்பன் பட்டை கட்டும்போதுதான். பதக்கங்களை எல்லா நாளும் அணிவதில்லை. அவற்றின் ரிப்பன்களை மட்டும் ஒரு தகட்டில் வரிசையாகச் சுற்றி, இடது மார்புப் பையின் மேல் குத்திக்கொள்கிறார்கள். ரிப்பனின் அகலம் 32 மில்லிமீட்டர். மாஸ்டர் அதைத் தகட்டை விடச் சற்று நீளமாக வெட்டுகிறார். விளிம்பு பிசிறாமல் இருக்க மெழுகுவத்திச் சுடரில் ஒரு கணம் காட்டுகிறார், பின்பக்கம் மடித்து ஒட்டுகிறார், அதன் மேல் தைக்கிறார். அடுத்த ரிப்பன் முந்தையதை முட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நடுவில் தகடு தெரியக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது. நீலகிரி ஈரத்தில் பசை காய நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு அழுத்தினால் நிறக்கோடு வளைந்துவிடும்.

வரிசையில் தவறு நேர்ந்தால் அது வெறும் தையல் தவறாக நின்றுவிடாது. வீரப் பதக்கங்களுக்குத் தனித் தனி இடம் உண்டு; மூத்த பதக்கம் நெஞ்சின் நடுப்பக்கமாக வர வேண்டும். 9, 20, 30 ஆண்டு சேவைக்கான பதக்கங்கள் வரிசையின் பின்பகுதியில் வரும், அதிலும் 30-தான் முன்னால் நிற்கும். புதிதாக ஒரு பதக்கம் கிடைத்தால் அதைக் கடைசியில் ஒட்டிவிட முடியாது. தன் இடத்தில் அது நுழைந்தாக வேண்டும். அதற்காகப் பட்டை முழுவதையும் பிரித்துக் கட்ட வேண்டும். “சியாச்சின் ரிப்பன் இருந்தா எங்க இருந்துட்டு வந்திருக்காருன்னு புரிஞ்சிடும். அதுக்கப்புறம் கொஞ்சம் கூடுதல் கவனமா கட்டுவேன்” என்றார். கூலி எல்லாருக்கும் ஒன்றுதான். அந்தக் கூடுதல் கவனத்துக்கு அவர் பணம் வாங்குவதில்லை.

பயிற்சி மையத்து வேலை வேறு விதம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அளவு எண்படி உடை கொடுத்துவிடுகிறார்கள். சில வாரங்களில் இடுப்பு இளைக்கிறது, தோள் விரிகிறது. சத்தியப் பிரமாண அணிவகுப்பு நெருங்கும்போது கால்சட்டை இடுப்பைப் பிடிப்பதும் சட்டையின் முதுகை விடுவதும்தான் வேலையே. இதில் பெரும்பகுதியை ராணுவத்துக்குள் சேர்க்கப்பட்ட தையல்காரர்களே செய்கிறார்கள். சமையல், சலவை, முடிதிருத்தல், தையல் எல்லாம் படையில் ‘டிரேட்ஸ்மேன்’ பணிகள். அவர்களுக்கும் எண் உண்டு, துப்பாக்கிப் பயிற்சி உண்டு. உள்ளே அவர்கள், வெளியே மாஸ்டர். வேலை அதிகமாகும்போது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் துணி கைமாறும்.

2022 முதல் இந்தப் பணிகளுக்கும் அக்னிவீரர்களாகத்தான் சேர்க்கிறார்கள். நான்கு ஆண்டு, அதன் பிறகு 25 விழுக்காடு வரை மட்டும் தொடரலாம். போர்ப்பயிற்சிக்கு நான்கு ஆண்டு போதுமா என்று பேச எனக்குத் தகுதியில்லை. தையலைப் பற்றி, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அளவில் சொல்வேன்: ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவர் தோள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று கண்டு, அதற்கேற்பத் துணியைத் திருத்தி வெட்டும் கண் நான்கு ஆண்டில் முதிர்வதில்லை. முதிரத் தொடங்கும்போது பெரும்பாலோர் ஊருக்குப் போயிருப்பார்கள்.

மற்ற அலுவலகங்களின் ஆட்களையும் இந்தக் கடை வழியாகவே சந்தித்தேன். எம்.இ.எஸ். குழாய் ஃபிட்டர் ஒருவர் கிழிந்த மழைக்கோட்டோடு வந்தார். 1923-இல் உருவான இந்தப் பணிதான் ராணுவக் குடியிருப்புகளுக்குக் கட்டடமும் தண்ணீரும் மின்சாரமும் தருகிறது. சரிவான ஊரில் மேல்வீட்டுக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் கீழே எந்த வால்வை எவ்வளவு மூட வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், ஃபிட்டர் இங்கேயே இருப்பார். கேன்டீனில் பில் போடும் இளைஞர் ஒருவரும் வந்தார். சி.எஸ்.டி. எனப்படும் கேன்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மெண்ட் 1948 முதல் நடக்கும் அரசுத் துறை. ஆனால் அதன் சரக்கை விற்கும் யூனிட் கேன்டீன் ஊழியர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. ஆமாம் என்று 2001-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2009-இல் இல்லை என்று முடித்துவிட்டது. அவர் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளவில்லை, கால்சட்டை நீளத்தை மட்டும் குறைக்கச் சொன்னார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஒரு நிலையத்தின் அன்றாடத்தைச் சுமப்பவருக்குப் பணிப் பாதுகாப்பு இல்லை என்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

2021 டிசம்பர் 8 பற்றி நான் கேட்கவில்லை, மாஸ்டரே சொன்னார். காலேஜில் உரையாற்ற சூலூரிலிருந்து கிளம்பிய முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த நாள். அந்தக் குடியிருப்பு மக்கள் கம்பளியும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் பயிற்சி மையத்தில் இறந்தவர்களுக்கு அஞ்சலி. இரவெல்லாம் கடையில் விளக்கு எரிந்தது, சடங்கு உடைகளைச் சரிசெய்து தரக் கேட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். “யாரும் பேசல சார். துணியை வச்சுட்டு நின்னாங்க. நாங்களும் காசு கேக்கல.”

இப்போது மாஸ்டரின் தொழிலையே மாற்றிக்கொண்டிருப்பது 2022-இல் ராணுவ தினத்தன்று அறிமுகமான புதிய போர்ச்சீருடை. நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தோடு சேர்ந்து ராணுவம் வடிவமைத்தது. பருத்தியும் பாலியெஸ்டரும் 70:30. சட்டையைக் கால்சட்டைக்குள் செருக வேண்டியதில்லை. வடிவத்தை ராணுவம் பதிவு செய்துகொண்டது. அனுமதியின்றித் தைத்து விற்பது சட்டவிரோதம். காரணத்தில் மாஸ்டருக்கு முழுச் சம்மதம். யார் வேண்டுமானாலும் சந்தையில் வாங்கி மாட்டிக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகும் நிலைமை இருக்கக் கூடாது என்று என்னிடமே வாதாடினார். 2023 ஆகஸ்ட் முதல் பிரிகேடியருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் ஒரே மாதிரி உடை வந்ததையும், தோள்கயிறு போனதையும் அவர் வருத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

அவர் கேட்பது ஒன்றுதான். புதிய சீருடையை அந்த வடிவப்படி தைக்க சிவில் தையல்காரர்களுக்கும் நிஃப்ட் ஆசிரியர்களைக் கொண்டு பயிற்சி தரப்படும் என்று ராணுவம் அறிவித்திருந்தது. அந்தப் பயிற்சி வெலிங்டன் மாதிரி மலைக் கண்டோன்மெண்டின் சின்னக் கடை வரைக்கும் வர வேண்டும். நியாயமான கோரிக்கை. சோதித்துப் பார்த்து அடையாள அட்டை கொடுக்கட்டும், துணிக்குக் கணக்குக் கேட்கட்டும். பல ஆண்டுகளாகப் பதக்க வரிசையைத் தவறாமல் கட்டிக்கொடுத்த ஒருவரை நம்ப முடியாது என்றால் வேறு யாரை நம்புவது?

கடையில் காஜா எடுக்கும் பெண்ணுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பத்துப் பேத்தி. ரிப்பன் வரிசை அவளுக்கு மனப்பாடம். திருப்பூர் போனால் கூடுதலாகச் சம்பாதிக்கலாமே என்றேன். “அங்க ஒரு நாள் முழுக்கக் காலர் மட்டும் தைக்கணும், இங்க முழு ஆளையும் தைக்கிறோம்” என்றாள். நிஃப்ட் பயிற்சிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்பார்களா என்றும் விசாரித்தாள். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். ஜூனில் காலேஜின் அடுத்த அணி வந்துவிடும். கடற்படை வெள்ளைச் சட்டையின் வெட்டு அதற்குள் அவளுக்குக் கைவந்துவிட வேண்டும் என்று பழைய வேட்டித் துணியை மேசையில் விரித்து மாஸ்டர் கோடு போட ஆரம்பித்தார்.