வைப்பின் கரையில் பிரெஞ்சு வாள்

வைப்பின் தீவில் மாதா கோயில் திருவிழா நாளில், சில வருடங்களில், பேரரசர் ஷார்லமேன் மேடையேறுவார். வெல்வெட் அங்கி, ஜிகினா கிரீடம், கையில் வாள். மறுநாள் காலையில் மீன்பிடிக்கவோ கட்டட வேலைக்கோ போகவேண்டிய மனிதர். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் அந்த மன்னர் வாயைத் திறந்தால் வருவது, மலையாளம் கலந்த பழைய தமிழ்!

இதுதான் சவிட்டு நாடகம். சவிட்டு என்றால் மிதி. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்த பிறகு கொச்சிக் கடலோரத்து லத்தீன் கத்தோலிக்கர்களிடையே வளர்ந்த கலை. இதன் புகழ்பெற்ற நாடகமான ‘காரல்மான் சரித'த்தை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்கிறது மரபு. தமிழ்நாட்டிலிருந்து போனவராம். காரல்மான்தான் ஷார்லமேன். 778இல் அவரது தளபதி ரோலண்டைக் கொன்றவர்கள் பைரனீஸ் மலையின் பாஸ்க் மக்கள். சுமார் மூன்று நூற்றாண்டு கழித்துப் பாடிய கவிஞர்கள் அவர்களை முஸ்லிம்களாக்கிவிட்டார்கள். கொச்சி வந்து சேர்ந்தது அந்தக் கற்பனைதான்.

இன்னொரு வேடிக்கை: ஷார்லமேனின் வீரர்களுக்கு இன்று உலகம் அறிந்த பிரெஞ்சு வாள்வீச்சு தெரியாது. அது பிறக்க மேலும் எட்டு நூற்றாண்டு ஆயிற்று. இத்தாலிய ஆசான்களிடம் பாடம் கேட்ட பிரான்சில், 1573இல்தான் ஹென்றி த சாந்திதியே பிரெஞ்சு மொழியின் முதல் வாள்வீச்சு நூலை வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டில் வாள் மெலிந்தது. பயிற்சிக்கென முனை மழுங்கிய ‘ஃப்ளூரே' வந்தது. ஆசான்கள் ஒரு விதியையும் வகுத்தார்கள். எதிராளி முதலில் பாய்ந்தால் அதைத் தடுத்த பிறகே திருப்பித் தாக்கவேண்டும். நிஜ வாளாக இருந்தால் இருவருமே செத்திருப்பார்கள் அல்லவா? 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பிவலை முகமூடி வந்ததும் கண் போய்விடும் என்ற பயம் குறைந்தது. வீச்சும் வேகம் பெற்றது. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அது விளையாட்டாகவே அரங்கேறியது.

ஆக, பிரான்ஸ் வாளிலிருந்து சாவை எடுத்தது விதியால். வைப்பின் எடுத்தது தாளத்தால்.

சவிட்டு நாடகச் சண்டையில் பாதி காலில் நடக்கிறது. மேடை மரப்பலகை, பாட்டின் தாளத்துக்கு நடிகர்கள் ஓங்கி மிதிக்க, பலகை செண்டையைப்போல அதிரும். களரிப் பயிற்சியின் சாயலுள்ள அடவுகள். அடி விழும் அதே நொடியில் வாளும் வாளும் மோதவேண்டும். ஓர் அடி பிந்தினால் எதிரே நிற்பவரின் விரல் போகும். அதற்காகத்தான் ஆசான் மாதக்கணக்கில் விரட்டுகிறார். எம்.ஜி.ஆர் - நம்பியார் கத்திச்சண்டையைக் கைதட்டி ரசித்த தமிழர்களுக்கு இது அந்நியமாக இராது. என்ன, இங்கே ‘கட்' சொல்லி மறுபடி எடுக்க முடியாது.

சென்னைப் பெண் பவானி தேவி தலச்சேரியில் பயிற்சி பெற்று, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வாளேந்திய முதல் இந்தியரானார். ஒரு சுற்றில் வென்று, அடுத்ததில் பிரான்சின் மானோன் புரூனேயிடம் 7-15 என்று தோற்றார். நடுவரின் ஆணைகள் எல்லாம் பிரெஞ்சில். தமிழ்ப் பெண் பிரெஞ்சுக்குக் கட்டுப்பட்டு வாள் சுழற்ற, வைப்பினில் பிரெஞ்சு வீரர்கள் தமிழுக்குக் கட்டுப்படுகிறார்கள்.

ஆனால் அந்தத் தமிழ்தான் இப்போது ஆபத்தில் இருக்கிறது. சபீனா ராஃபி 1964இல் நூல் எழுதி இக்கலையைக் கேரளத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பள்ளிக் கலைவிழாப் போட்டியிலும் அதற்கு இடம் கிடைத்துவிட்டது. பிள்ளைகள் உற்சாகமாக மிதிக்கிறார்கள். ஆனால் பல இரவுகள் நடந்த கதை, போட்டிக்காகச் சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. மலையாள எழுத்தில் எழுதிவைத்த வரிகளை மனப்பாடம் செய்கிறார்கள். பல சொற்களுக்கு அர்த்தம் தெரியாது. கேட்டால் முதிய ஆசான்களைக் கைகாட்டுகிறார்கள். அவர்களிலும் சிலருக்கு ராகம் நினைவிருக்கிறது, பொருள் இல்லை.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஏதாவது இரண்டு தமிழாசிரியர்களை ஒரு திருவிழாக் காலத்துக்கு வைப்பினுக்கு அனுப்பி வைக்கலாம். ஆசான்கள் பாடப் பாட எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும், ஒலிப்பதிவுக் கருவியும் போதும்.