மல்லாந்து கிடந்தால் பதறாதீர்கள்

திங்கள்
அக்கா பையன் விட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு டரான்டுலா சிலந்திக் குஞ்சு. கால் பரப்பினால் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. ஊர்ப் புளியமரப் பொந்திலிருந்து பிடித்தானாம். சில நாளாகத் தின்ன மறுக்கிறது. சுவர்க்கோழி பக்கத்தில் வந்தால் ஒதுங்கிப் போகிறது. வயிறு உப்பி, நிறம் மங்கியிருக்கிறது. நோயொன்றும் இல்லை, சட்டை உரிக்கப் போகிறது. முதல் வேலையாகச் சுவர்க்கோழியை எடுத்து வெளியே விட்டேன். உரித்து அசையாமல் கிடக்கும் சிலந்தியை இரையே கடித்துக் குதறிவிடும்.

புதன்
சிலந்திக்கு எலும்பு வெளியே. கைட்டினால் ஆன அந்த ஓடு வளராது, உள்ளே இருக்கும் உடம்புதான் வளரும். அதனால் பழைய ஓட்டுக்கு அடியில் புதியது உருவாகிறது. இரண்டுக்கும் நடுவே சுரக்கும் திரவம் பழையதன் உள்ளடுக்கைக் கரைக்கிறது, கரைந்த சத்தை உடம்பே இழுத்துக்கொள்கிறது. இந்த வேலை நடக்கும்போது சாப்பாடு எதற்கு? குஞ்சுகள் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறைகூட உரிக்கும். பெரிதானபின் ஆண்டுக்கு ஒருமுறை, சில சமயம் அதுவும் இல்லை. பெண் ஆயுசு முழுக்க உரிக்கும். ஆண் பருவமடையும் உரிப்போடு நிறுத்திக்கொள்ளும், பிறகு அதற்கு வெகுநாள் ஆயுசில்லை.

பௌர்ணமி, இரவு
தெருவில் கிரிவலக் கூட்டம். டப்பாவில் சிலந்தி மல்லாந்து கிடக்கிறது. பையனுக்குப் போனில் காட்டினேன்.

“செத்துடுச்சா மாமா?”

“இல்லடா. சாகுற சிலந்தி குப்புறக் கிடந்து காலை உள்ளே மடக்கிக்கும். இது மல்லாக்கப் படுத்து காலை விரிச்சிருக்கு பாரு.”

“தண்ணி தெளிக்கலாமா?”

“தொடவே கூடாது.”

சிலந்தி காலை மடக்கத் தசை இருக்கிறது. முக்கிய மூட்டுகளில் நீட்டத் தசை கிடையாது, உடல் திரவத்தின் அழுத்தம்தான் நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தமும் போய்க் கால் சுருண்டுகொள்ளும். உரிக்கும்போது அதே அழுத்தம்தான் உதவுகிறது. வயிற்றிலிருந்து திரவம் முன்னே பாய, முதுகு ஓடு ஓரத்தில் பிளந்து மூடிபோலத் திறந்தது. பிறகு நனைந்த சட்டையிலிருந்து கையை உருவுவது மாதிரி ஒவ்வொரு காலாக, விட்டுவிட்டு. பாதியில் உதவி செய்கிறேன் என்று ஊசியை நீட்டுபவர்கள்தான் காலை ஒடித்துவிடுகிறார்கள். ஒடிந்த கால் அடுத்தடுத்த உரிப்புகளில் மெலிதாக முளைத்துத் தேறும். வயிறு கிழிந்தால் பிழைக்காது.

சனி
கோரைப்பல் பால் வெள்ளையாக இருந்தது, இன்று சிவப்பேறியிருக்கிறது. கறுக்கும்வரை இரை போடக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் போதும்.

உரித்த சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரித்து, லென்ஸில் பார்த்தேன். வயிற்றுப் பகுதியில் நான்கு வெள்ளைத் திட்டுகள், தாள்தாளாக அடுக்கிய மூச்சுறுப்பான புத்தக நுரையீரலின் உள்தோல். உறிஞ்சும் இரைப்பையின் உள்ளுறைகூட உரிந்து வந்துவிடுகிறது. பெண்ணென்றால் மேல் நுரையீரல்களுக்கு நடுவே விந்துப் பையின் சட்டையும் இருக்கும். இவ்வளவு சிறியதில் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு
இதை ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பையனுக்கு நீளமாக எழுதினேன். மரத்தில் வாழும் நம் பெருஞ்சிலந்திகளில் ஒன்றான பொசிலோதீரியா ரெகாலிஸுக்குப் பெயரிட்டவர் விலங்கியலாளர் போகாக், 1899இல். மாதிரி கிடைத்தது அரக்கோணத்தில், நம் பழைய வடஆர்க்காடு மாவட்டம்தான். ராமேஸ்வரத்தில் அனுமவிலாசம் கோயில் தோப்பில் கண்ட இனத்துக்கு, 2004இல் அந்தக் கோயிலின் பெயரையே வைத்தார்கள். அந்த இனம் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2019 ஜெனிவா மாநாட்டில் பொசிலோதீரியா பேரினம் முழுவதும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குப் போய்விட்டது. நம் வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தப்படி, அந்தப் பட்டியல் உயிரினத்தை வைத்திருப்பவர் அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும். போதாததற்கு, இவை கடித்தால் தசைகள் நாள்கணக்கில் இழுத்துப் பிடிக்கும்.

டப்பாவில் இருப்பது அதே பேரினமா என்பது இந்த வயதில் எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் பையனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: பல் கறுத்து ஒருமுறை இரை எடுத்ததும், அதே மரம், அதே பொந்து. உங்கள் ஊர்ப் புளியமரத்திலும் இப்படியொன்று இருக்கலாம். பொந்துக்குள் குச்சியை விடாதீர்கள், மரத்தையும் வெட்டாதீர்கள்.