காருக்கு வைத்த பச்சைப் பொட்டு

எங்கள் மாருதி 800-க்கு வயது 17. கம்பெனியே இந்த மாடல் தயாரிப்பதை 2014-ல் நிறுத்திவிட்டது. "இன்னுமா இதை வெச்சிருக்கீங்க?" என்று கேட்காத உறவினர் இல்லை. கோயமுத்தூர்ச் சந்துகளில் நுழைந்து வெளியே வர இதற்கு ஈடு வேறு கிடையாது என்பது என் கட்சி. அது இருக்கட்டும். இந்தக் காரின் டாஷ்போர்டில், ஸ்டியரிங்குக்கு நேர் மேலே, பொட்டு அளவுக்குப் புதிதாக ஒரு பச்சை விளக்கு வைத்திருக்கிறோம். ஏறுகிறவர்கள் எல்லோரும் அது எதற்கு என்று கேட்கிறார்கள். என் கணவர் சிரித்து மழுப்பிவிடுவார். அவர் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவர் நூற்பாலையில் 28 வருஷம் வேலை பார்த்தவர். பிரேம்கள் ஓடுகிற ஹாலில், பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதென்றாலும் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். 85 டெசிபல், அதற்கு மேலான சத்தத்தில் தினம் 8 மணி நேரம் என்று வருஷக்கணக்கில் இருந்தால் காது கெடும் என்கிறார்கள் மருத்துவர்கள். கெடும்போது எல்லாச் சத்தமும் ஒன்றாகப் போய்விடாதாம். கீச்சென்ற, கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மிக்ஸி இரைவது கேட்கும், பேத்தி ரகசியம் சொன்னால் கேட்காது. 'பஸ்' என்றால் 'பல்' என்பார். எடுத்துச் சொன்னால், "எனக்கென்ன, நீங்கதான் முணுமுணுக்கறீங்க" என்று பதில் வரும்.

காரில் இன்டிகேட்டர் போட்டால் டிக் டிக் என்று கேட்குமே, அது பல்பை அணைத்து அணைத்து எரியவிடுகிற ரிலேயின் சத்தம். நிமிஷத்துக்கு 60-லிருந்து 120 தடவைக்குள் அடிக்க வேண்டும் என்று கணக்கு. ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்துத் திரும்பினால் இன்டிகேட்டர் பிடி தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும். லேசாக ஒதுங்கினால் வராது. அப்போது ஞாபகப்படுத்த அந்த டிக் டிக்தான் துணை. மீட்டரில் பச்சை அம்புக்குறியும் இருக்கிறது. மத்தியான வெயிலில் அது எரிகிறதா, தூங்குகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்த எனக்கே தெரியாது.

போன ஆடி மாதம் அவர் தனியாகத் தடாகம் ரோட்டில் வந்துகொண்டிருந்தார். எதற்கோ ஒதுங்கியபோது போட்ட இடது இன்டிகேட்டர் அணையவே இல்லை. இடது பக்கத்துச் சந்தில் ஸ்கூட்டரோடு நின்ற ஒரு பெண், கார் சந்துக்குள் திரும்பப் போகிறது என்று நம்பி முன்னால் வந்துவிட்டாள். பின்னால் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு குழந்தை. பிரேக் பிடித்தது, கடவுள் புண்ணியம். "இன்டிகேட்டரைப் போட்டுட்டு நேரா வர்றீங்களே, பெரியவங்களா இருந்துட்டு!" என்று அவள் கேட்டாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவருக்குக் கை நடுங்கியது. ஆனாலும், "ரிலே கெட்டுப்போச்சு, சத்தமே வரலை" என்றார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் கடைக்கு நானும் கூடப் போனேன். அந்தத் தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். உட்கார்ந்து இன்டிகேட்டரைப் போட்டான். டிக் டிக் என்று எனக்குத் தெளிவாகக் கேட்டது. "நல்லாத்தானுங்க அடிக்குது" என்றான். இவர் குனிந்து டாஷ்போர்டுக்கு அருகில் காதைக் கொண்டுபோனார். நிமிர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

அந்தப் பையனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பக்குவமோ! "வயசான வண்டிங்க சார், சத்தம் கம்மியாத்தான் இருக்கும். கண்ணுல படற மாதிரி ஒரு லைட் போட்டுடலாமுங்க" என்றான். இவரும் சரி என்று தலையாட்டினார்.

வேலை ஒரு மணி நேரம்தான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினான். பச்சை எல்.இ.டி. ஒன்று, அது 12 வோல்ட்டைத் தாங்க 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மிளகு அளவில் டயோடு இரண்டு. "இது எதுக்குப்பா ரெண்டு?" என்றேன். "லெப்ட் ஒயரையும் ரைட் ஒயரையும் நேரா ஒண்ணாச் சேர்த்தா நாலு மூலையும் மின்னும்ங்கக்கா. டயோடு கரண்டை ஒரு பக்கமாத்தான் விடும்" என்றான். கிணற்று மோட்டாரின் புட் வால்வு மாதிரி என்று புரிந்துகொண்டேன். மஞ்சளும் சிவப்பும் எச்சரிக்கைக்காம், இன்டிகேட்டருக்குப் பச்சைதான் வழக்கமாம். கூலியோடு 350 ரூபாய் ஆயிற்று.

திரும்பி வரும்போது அவராகவே, "காதை ஒருக்கா காட்டிடலாமா?" என்றார். மூன்று வருஷமாக நான் கேட்ட கேள்வி! அவர் தயங்கியதன் காரணமும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. 40 வயதுக்கு மேல் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். காது மந்தம் என்று எழுதிவிட்டால் ஓட்ட விடமாட்டார்களோ என்ற பயம். காது கேளாதவர்களும் ஓட்டும் தேர்வில் தேறினால் லைசென்ஸ் பெறலாம் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2011-ல் சொன்னதை எங்கள் மகள் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள்.

பரிசோதனையில் இரண்டு காதுக்கும் கோடு நேராக வந்து, 4000 என்ற இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. சத்தத்தால் கெட்ட காதின் அடையாளம் அதுதானாம். உள்காதில் அழிந்த செல்கள் திரும்ப முளைக்காது, காது மிஷின் வைத்தால் பேச்சு தெளிவாகும் என்றார் டாக்டர். இவர் யோசிக்க ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறார். கேட்கட்டும்.

விளக்கில் ஒரே ஒரு குறை. பகலுக்கு அது சரியாக இருக்கிறது, ராத்திரியில் கண்ணைக் கூசுகிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு வெட்டி, கோணி ஊசியால் நடுவில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். இருட்டியதும் ஒட்டிக்கொள்வோம், விடிந்ததும் எடுத்துவிடுவோம்.