மிச்சம் மூன்று!

பழைய டீசல் ஜீப் இருக்கும் வீட்டில் பிறந்தவர்கள் எல்லாம் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருத்தரும் இல்லையா? கொடுத்து வைத்தவர்கள்!

எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. 1989 மாடல். அப்பா, அரசாங்க ஜீப் டிரைவராக இருந்து ரிடையரானவர். ஏலத்தில் எடுத்து வந்து பெருமாள்மலையில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். அன்றிலிருந்து குடும்பத்தில் அதுவும் ஒரு ஆள்.

போன மாதம் அந்த ஆளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சமதளத்தில் ஓடும். ஏற்றம் வந்தால் நாலு தடவை இருமிவிட்டு இழுக்க மறுக்கும். அப்பா காதைச் சாய்த்துக் கேட்டார். "டீசல் பில்டர் அடைச்சிருக்குடா. மாத்தணும்."

மெக்கானிக்கோ, "புதன்கிழமைக்கு மேல வாங்க சார்" என்றுவிட்டார். எனக்குத் திங்கட்கிழமையே வண்டி வேண்டும். அப்பாவைக் கொடைக்கானல் சார் கருவூலத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று முகம் காட்ட வேண்டுமே, அதற்கு!

இப்போது கைரேகை வைத்து இருந்த இடத்திலிருந்தே அதைச் சொல்லிவிடலாம். 'ஜீவன் பிரமாண்' திட்டம் 2014-லேயே வந்துவிட்டது. அப்பா கேட்டால்தானே! "நான் உசுரோட இருக்கேன்னு மெஷின் சொல்லணுமா?" என்கிறார். பஸ்ஸிலும் ஏற மாட்டார். அவருடைய ஜீப்பில்தான் போவார். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து ஸ்டியரிங் என் கைக்கு வந்துவிட்டது. அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே களத்தில் இறங்கினேன். ஆபீஸில் பைல் புரட்டும் கை, பில்டர் கழற்றாதா என்ன?

அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, "டேய், முதல்ல வெளிப்பக்கம் தூசியைத் தொடை. அப்புறம் அந்த வளையம்..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, நீங்க பேசாம இருங்க. நான் பாத்துக்கறேன்" என்று கையைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் வண்டியில் இரண்டு பில்டர். முதலாவது பெரிய அழுக்கைப் பிடிக்கும், இரண்டாவது பொடியைப் பிடிக்கும். அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் முதலில் வந்தது டீசல் இல்லை, தண்ணீர்! மலையில் ராத்திரிக் குளிருக்கு, பாதி காலியான டாங்கின் உள்சுவரில் ஈரம் வியர்த்து இறங்கிவிடும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அதனால் அடியில் போய்த் தங்கும். சாயங்காலமே டாங்கை நிரப்பி வை என்று அப்பா சொல்வதை, பெட்ரோல் பங்க்காரருக்குச் சொந்தமோ என்று நான் நினைத்ததுண்டு.

இந்த அழுக்கையும் தண்ணீரையும் ஏன் இப்படிக் கட்டிக் காக்க வேண்டும்? டீசல் பம்புக்குள் இருக்கும் உருளைகளுக்கு இடையிலான சந்து, நம் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்கு எண்ணெய் போடுவதும் அந்த டீசலேதான். ஒரு பொடி மணல் போனால் போதும். பில்டருக்கு நூற்றுக்கணக்கில் ஆகிற செலவு, பம்புக்கு ஆயிரக்கணக்கில் ஆகிவிடும்.

புதுசை மாட்டினேன். மேலே இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தேன். நுரை நுரையாக வந்தது. குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும் திருகை இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். 'டர்ர்ர்...!' அடடா! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "முதல்ல சட்டையைக் கழட்டிப் போடுங்க, நாத்தம் தாங்கல" என்றாள்.

திங்கட்கிழமை காலை. அப்பா சலவைச் சட்டையோடு முன்சீட்டில். வீட்டை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். வெள்ளி அருவிக்குக் கீழே, நல்ல ஏற்றத்தில், வண்டி இரண்டு விக்கல் விக்கியது. நின்றது. பின்னால் உருள ஆரம்பித்தது. மொத்த பலத்தையும் பிரேக்கில் வைத்தேன். பின்னாலிருந்து பஸ் ஹாரன்.

அந்த வயசில் அப்பா எப்படிக் குதித்தாரோ! ஒரு கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டார்.

பானட்டைத் திறந்தேன். பில்டரைச் சுற்றி டீசல் கசிந்திருந்தது. டீசல் வெளியே வருகிற வழியில் ராத்திரி முழுக்கக் காற்று உள்ளே போயிருக்கிறது. காற்று போய்விட்டால் பம்பு எவ்வளவு அழுத்தினாலும் ஸ்பிரிங் மாதிரி சுருங்கி விரியுமே தவிர, நாசில் திறக்காது.

அப்பா சட்டைப் பையில் கைவிட்டார். உள்ளங்கையில் ஒரு ரப்பர் வளையம், இரண்டு செம்பு வாசர். புத்தம் புதுசு.

"பில்டர் பெட்டியில இருந்துச்சு. நீ குப்பையில போட்டுட்டே. பழைய வளையத்தையே மாட்டியிருக்கே, அது வத்திப்போயிருக்கும்."

"நேத்தே சொல்லக் கூடாதாப்பா?"

"சொல்லத்தான் வந்தேன். நீதான் பேசாதன்னுட்டே. வண்டியும் ஸ்டார்ட் ஆயிருச்சு. சரி, பழசே நின்னாலும் நிக்கும்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்."

எனக்குத் தலை நிமிரவில்லை. மடமடவென்று சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். வளையம் எந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும் என்று கண்ணால் பார்க்க முடியாமல், விரலால் தடவிச் சரி செய்தார். நான் பம்பு அடித்தேன். அவர் காதை வைத்துக் கேட்டார். "இன்னும் காத்து இருக்கு... இன்னும்... ம், இப்ப இறுக்கு. முரட்டுத்தனமா இறுக்காதே, மரை போயிரும்."

ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. கிளம்பப் போனேன். "அந்தக் கல்லை யாரு எடுப்பா? பின்னாடி பைக்கில வர்றவன் விழறதுக்கா?" என்றார். இறங்கி ஓரமாகத் தூக்கிப் போட்டேன்.

கருவூலத்தில் வரிசையில் கடைசியாக நின்றோம். அப்பாவின் சலவைச் சட்டை முழுக்க டீசல்.

"நல்லா இருக்கீங்களா ஐயா?" என்றார் அங்கிருந்த ஊழியர்.

"எனக்கென்னங்க, உசுரோடதான் இருக்கேன். வண்டிதான் வழியில செத்துப்போச்சு. பொழைக்க வெச்சுக் கூட்டியாந்திருக்கோம்" என்றார் அப்பா.

அந்த 'கோம்'-இல் என்னையும் சேர்த்துக்கொண்டாரே, அது போதும் எனக்கு!