பேசாத தாத்தாக்கள்

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு பழைய பொங்கல் வாழ்த்து அட்டைகள் இருக்கின்றன. தாத்தா சொத்து, சார்! நிலப்பத்திரம் அண்ணன் கைக்குப் போக, இது எனக்கு வந்தது.

கட்டில் பாதி, சின்னத் தாத்தா அனுப்பியவை. ஒரு முழ வரப்புக்காகச் சண்டை போட்டு, அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தியவர்கள். வீடு என்னமோ அடுத்த தெருதான். ஆனால் தை பிறந்தால் தபால்காரர் கையில் அட்டை வந்துவிடும். சிவகாசி அச்சு, கரும்பு, பானை, ஜோடி மாடு, ஓரத்தில் ஜிகினா. கவரை ஒட்டாமல் புக் போஸ்ட். கோபத்திலும் சிக்கனம்!

எல்லாவற்றிலும் வெறும் கையெழுத்துதான். 1969 அட்டை மட்டும் வேறு. மெட்ராஸ் மாநிலம் 'தமிழ்நாடு' ஆனது அந்த ஜனவரி 14-ல்தான். அட்டையில் அண்ணா சிரிக்கிறார் (அடுத்த மாதம் 3-ம் தேதி போய்விட்டார், பாவம்). கீழே பேனாவில் ஒரு வரி: 'அண்ணனுக்கு மூட்டுவலி தேவலையா?'

"அப்புறமாவது பேசிக்கிட்டாங்களா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"பேசறதாவது! பதில் அட்டை வாங்க என்னைத்தான் கடைக்கு விரட்டுவார். 'அவன் அனுப்பினதைவிடப் பெருசா பார்த்து வாங்குடா'ம்பார்."